உஷார்! வளைக்குள் போடும் குளிசை வீட்டுக்குள் வரும்

விக்டோரியா தின நீண்ட வார இறுதி வந்துவிட்டால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் யன்னலோரம் நின்ற கன்றுகள் எல்லாம் பின்வளவில் இறங்கிவிடும். கத்தரி, மிளகாய், பாகல், புடோல், பயற்றை. பங்குனி மாதம் முதல் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்த கன்றுகள். அதே நாட்களில் டெக்குக்கு அடியிலும் ஷெட்டுக்கு அடியிலும், வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹொக் என்ற பிராணி குட்டிகளோடு இருக்கும். ஒரு காலை எழும்பிப் பார்த்தால் பயற்றை நட்ட வரிசையில் வெறும் தண்டுதான் நிற்கும்.

அந்த ஆத்திரத்தில் மனிதர் சொல்கிற ஒரு யோசனைதான் என்னை இதை எழுத வைக்கிறது. கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறேன். "ஊருக்குப் போனா எலிக்குப் போடுற குளிசை கொஞ்சம் கொண்டு வாங்கோ அண்ணை. வளைக்குள்ள ரெண்டு போட்டு மண்ணால மூடினா அலுவல் முடிஞ்சுது." உதவி செய்கிற மனதோடு, நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். கேட்பவரும் தலையாட்டுகிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். முடியப்போவது உங்கள் வீட்டில் ஓர் உயிராக இருக்கலாம்.

அந்தக் குளிசை அலுமினியம் பொஸ்பைட். களஞ்சியத்தில் தானியத்துக்கு வண்டு விழாமல் இருக்கவும் வயல் வரம்பில் எலி வளைக்குள் போடவும் ஊரில் பழகிய சாமான். பழகிய சாமான் என்பதால்தான் பயம் விட்டுப்போயிருக்கிறது. எலியைக் கொல்வது குளிசை அல்ல, அதிலிருந்து கிளம்பும் பொஸ்பீன் என்ற வாயு. 3 கிராம் எடையுள்ள ஒரு குளிசை 1 கிராம் பொஸ்பீனை விடும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மண்ணில் இருக்கும் ஈரமும் காற்றில் இருக்கும் ஈரமுமே போதும். இந்த வாயு காற்றைவிடச் சற்றுப் பாரமானது. மண்ணின் வெடிப்பு, அத்திவாரத்தின் கீறல், குழாய் நுழையும் ஓட்டை என்று கிடைத்த வழியால் பள்ளம் பார்த்துப் பரவும். எங்கள் வீடுகளில் பள்ளம் என்றால் பேஸ்மென்ட். அங்கே யார் படுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மம்மா, பேரப்பிள்ளைகள், வாடகைக்கு இருக்கிற மாணவர்.

உள்ளி மணம் வரும், அழுகிய மீன் மணம் வரும், வந்தால் ஓடிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மூக்குக்கு மணம் எட்டுவதற்கு முன்பே ஆபத்தான அளவு சேர்ந்துவிடக்கூடும். தலையிடி, வாந்தி, நெஞ்சிறுக்கம், களைப்பு என்று தொடங்கும்போது வெளியில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ காய்ச்சல் என்றோ எண்ணிப் படுத்துவிடுவார்கள். படுத்த இடத்திலேயே வாயு இன்னும் சேரும். பொஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வைத்தியர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

நடந்தவற்றைச் சொல்கிறேன். 2010 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் லெய்ட்டன் நகரில், வோல் என்ற சிறிய எலி போன்ற பிராணிகளை ஒழிக்க ஒரு வீட்டின் கராஜுக்குப் பக்கத்து நிலத்தில் இந்த மருந்து போடப்பட்டது. போட்டது தொழில்முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரர். அந்த வீட்டின் 4 வயதுப் பிள்ளையும் 15 மாதக் குழந்தையும் இறந்துபோனார்கள். 2015இல் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரியில், பாகிஸ்தானிலிருந்து பயணப் பையில் கொண்டுவந்த குளிசையை மூட்டைப்பூச்சிக்காக வீட்டுக்குள் வைத்தார்கள். 8 மாதக் குழந்தை பறிபோனது. 2017 ஜனவரியில் டெக்சஸின் அமரில்லோவில், எலிக்காக வீட்டுக்கு அடியில் போட்ட மருந்தின் மணம் தாங்காமல் தகப்பன் தண்ணீர் அடித்துக் கழுவப் பார்த்தார். தண்ணீர் பட்டதும் வாயு இன்னும் பொங்கியது. நான்கு பிள்ளைகள் ஒரே இரவில் போனார்கள். சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கம் 2024 நவம்பரில் எலிமருந்து வைத்த வீட்டில் இரவு தூங்கிய இரண்டு பிள்ளைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இவற்றில் எதிலும் குறி கிரவுண்ட்ஹொக் அல்ல. ஆனால் லெய்ட்டனில் நடந்ததையும் உங்கள் பின்வளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மருந்து போட்டது வெளியே, மண்ணுக்குள். வீட்டுக்குள் யாரும் எதையும் வைக்கவில்லை. கிரவுண்ட்ஹொக் வளை அதைவிட மோசமான இடம். ஒன்றரை மீற்றர் ஆழம்வரை இறங்கி, பத்து மீற்றருக்கு மேலும் நீளக்கூடிய சுரங்கம் அது. மண் குவிந்த பெரிய வாசல் ஒன்றுதான் எங்கள் கண்ணில் படும். தப்பி ஓடுவதற்கென்று உள்ளிருந்தே தோண்டிய, வெளியே மண் சிந்தாத, புல்லுக்குள் மறைந்த வேறு வாசல்களும் இருக்கும். நீங்கள் முன்வாசலில் குளிசையைப் போட்டு மூடினால், வாயு எந்த வாசலால், யாருடைய அத்திவாரத்தோடு வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் பேஸ்மென்டாகவும் இருக்கலாம்.

லெய்ட்டனுக்குப் பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு வளவுகளில் இதைப் போடுவதையே தடைசெய்தது. மனிதரோ கால்நடையோ இருக்கும் கட்டடத்திலிருந்து 100 அடிக்குள் வளைகளில் போடக்கூடாது. பயிற்சி பெற்று உரிமம் எடுத்தவர் மட்டுமே கையாளலாம். கனடாவிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கடையில் வாங்க முடியாது என்பதால்தானே பையில் வருகிறது. ஏன் கடையில் வைக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகள்தான் பதில்.

வேறு நஞ்சுகளைப் பற்றியும் கேட்பார்கள். எலிக்கு வைக்கும் தீனை வைத்தால் என்ன? கிரவுண்ட்ஹொக்குக்கென்று பதிவுசெய்த நஞ்சுத்தீன் அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. வைத்ததை அணில் தின்னும், பக்கத்து வீட்டு நாய் தின்னும், செத்ததை நரியும் பருந்தும் தின்னும். அமெரிக்கப் பண்ணைகளில் பற்றவைத்து வளைக்குள் எறியும் வாயுக் குழல் என்று ஒன்று உண்டு. அது எரிந்துதான் கார்பன் மொனொக்சைடை உண்டாக்குகிறது. எரிவதை டெக்கின் பலகைக்கு அடியில் எறிந்தால் என்ன நடக்கும்? காரின் புகைக்குழாயில் ஹோஸ் செருகி வளைக்குள் விடுவதும் அதே விஷவாயுதான். பெற்றோல் ஊற்றுவதைப் பற்றி நான் எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறேன். பூச்சி உருண்டையை, அதாவது நப்தலீனை, வளைக்குள்ளும் பாத்திக்குள்ளும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கிரவுண்ட்ஹொக் அதை உருட்டி வெளியே தள்ளிவிடும். வெள்ளையாக, இனிப்பு உருண்டை மாதிரிக் கிடப்பதைத் தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு நப்தலீன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். தெற்காசியக் குடும்பங்களில் அந்தக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாது.

கிரவுண்ட்ஹொக்கோடு மல்லுக்கட்டுவது புதிய கதையல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் போட்ட அவரைத் தோட்டத்தில் கால் ஏக்கரை இது துப்புரவாக மேய்ந்துவிட்டது. 1883இல் நியூ ஹாம்ப்ஷியர் சட்டமன்றம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்து, கொல்லும் ஒவ்வொன்றுக்கும் 10 சதம் சன்மானம் அறிவித்தது. இன்றைக்கும் நியூ ஹாம்ப்ஷியரில் கிரவுண்ட்ஹொக் தாராளமாக இருக்கிறது. ஒன்றைக் கொன்றால் காலியான வளைக்கு அடுத்தது வந்து குடியேறும். கொல்வதால் தோட்டம் தப்பாது என்பதை ஒரு மாநிலமே காசு கொடுத்துப் பார்த்துவிட்டது.

அணில் குடும்பத்துப் பிராணி இது. 2 முதல் 6 கிலோ எடை. ஒரு நாளைக்கு அரைக் கிலோ பச்சை தின்னும். ஐப்பசி வாக்கில் வளைக்குள் போய் உறங்கினால் மாசி, பங்குனிவரை எழும்பாது. ஆகவே இடைப்பட்ட மாதங்களில் தின்னுவதுதான் அதற்கு உயிர். விடிகாலையும் பின்னேரமும், பகல் வெளிச்சத்தில்தான் மேயும். இரவில் சோளப்பொத்தி முறிந்திருந்தால் அது ரக்கூன். தண்டு கத்தியால் சரித்து வெட்டியதுபோல் இருந்தால் அநேகமாக முயல். இலையெல்லாம் போய், பக்கத்தில் மண் குவிந்த ஓர் அடி அகல வாசல் தெரிந்தால் கிரவுண்ட்ஹொக். அவரைக் குடும்பத்துச் செடிகள் என்றால் விடவே விடாது. எங்கள் பயற்றை, அவரை, பட்டாணி எல்லாம் அந்தக் குடும்பம். கோவா, கரட் இலை, பூசணிக் கொடியும் அப்படியே. தென் ஒன்ராறியோவிலும் பென்சில்வேனியாவிலும் ஒகையோவிலும் சோயா வயல் ஓரங்களில் அரைவட்டம் அரைவட்டமாக மேய்ந்து வைத்திருப்பதைக் காணலாம். மானுக்கென்று வேட்டைக்காரர் விதைக்கும் குளோவர்த் திடல்களிலும் முளையிலேயே கைவைத்துவிடும். பண்ணைக்காரருக்குப் பயிரைவிட வளையின் வாசல்தான் பயம். குதிரை கால் வைத்தால் கால் முறியும், உழவு இயந்திரத்தின் சில்லு இறங்கும்.

சரி, என்ன செய்வது? வேலி. நட்ட பிறகு அல்ல, நடுவதற்கு முன்பு. ருசி கண்டுவிட்டால் பிறகு அது வேலியை ஒவ்வொரு பக்கமாகச் சோதித்துக்கொண்டே இருக்கும்.

சாதாரண வேலி போதாது, ஏனென்றால் கிரவுண்ட்ஹொக் தோண்டவும் தெரிந்தது, ஏறவும் தெரிந்தது. மரத்திலேயே ஏறும். கம்பிவலை நிலத்துக்கு மேலே ஒரு மீற்றராவது நிற்க வேண்டும். அதன் மேற்பகுதி ஓர் அடியைக் கம்பத்தோடு கட்டாமல் விடுங்கள், வெளிப்பக்கமாக வளைத்தும் விடுங்கள். ஏறிவரும்போது வலை தளர்ந்து ஆடினால், பிடி கிடைக்காமல் இறங்கிவிடும். இறுக்கிக் கட்டிய வேலி அதற்கு ஏணி. கீழ்ப்பகுதி ஓர் அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், புதைக்கும்போது வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். அது வேலியின் அடியில் வந்து நின்றுதான் தோண்டும். தோண்டும் இடத்தில் கம்பி தட்டுப்பட்டால் சற்றுப் பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. வலைக் கண் ஓர் அங்குலத்தைத் தாண்டக்கூடாது, ஆனியில் வெளியே வரும் குட்டிகள் பெரிய கண்ணால் நுழைந்துவிடும். படலையைக் கவனியுங்கள். வேலியெல்லாம் அருமையாகப் போட்டுவிட்டு படலைக்கு அடியில் கையளவு இடைவெளி விடுபவர்கள் பலர். அங்கே இரண்டு சீமெந்துக் கல் பதித்தால் போதும். செலவும் வேலையும் உண்டுதான். ஆனால் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், பல வருடம் நிற்கும். முழுத் தோட்டத்துக்கும் கட்டாவிட்டால் பயற்றைப் பாத்திக்கு மட்டுமாவது கட்டுங்கள்.

மின்சார வேலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலிக்கு வெளியே நாலைந்து அங்குலம் தள்ளி, நிலத்திலிருந்து நாலைந்து அங்குல உயரத்தில் ஒரே ஒரு கம்பி ஓடினால் கிரவுண்ட்ஹொக் கிட்ட வராது. உண்மை. ஆனால் அந்தக் கம்பிக்கு மின்சாரம் வருவது அதற்கென்று தயாரித்து அனுமதி பெற்ற கருவியிலிருந்து மட்டும். அது ஒரு நொடிக்கு ஒருமுறை சுரீரென்று தட்டும், கொல்லாது. நகரசபை அதை அனுமதிக்கிறதா என்றும் முதலில் கேட்க வேண்டும். பல நகரங்களில் குடியிருப்புகளில் மின்வேலி கூடாது. சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து நேரே வயர் இழுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள். காட்டுப்பன்றிக்கென்று அப்படி இழுத்த கம்பியில் வன்னியிலும் கிழக்கிலும் விவசாயிகளே இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் அப்படியொரு கம்பி மூன்று யானைகளை ஒன்றாகச் சாய்த்தது. யானையைச் சாய்க்கிற கம்பியில் பந்து எடுக்கப்போன பிள்ளையின் கை பட்டால்?

இனி, கூடு வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி, தூரத்துப் பார்க் ஒன்றில் விட்டுவிட்டு வருவது. இரக்கமான வழி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஒன்ராறியோவில் பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும் என்பது சட்டம். மசாசூசெட்ஸில் வேறிடத்துக்குக் கொண்டுபோய் விடுவதே குற்றம், நியூயோர்க்கில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் விடக்கூடாது. காரணம் நோய். 2015 டிசம்பரில் ஹமில்ற்றனில் ரக்கூன் விசர்நோய் (ரேபிஸ்) மறுபடி தலைகாட்டியபோது ஒன்ராறியோ பட்ட பாடு கொஞ்சமல்ல. அமெரிக்காவில் கொறிக்கும் பிராணிகளில் விசர் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுவது கிரவுண்ட்ஹொக்கில்தான். சித்திரை முதல் ஆடிவரை தாயைப் பிடித்துக்கொண்டு போனால் வளைக்குள் நாலு குட்டி பட்டினியில் சாகும், உங்கள் டெக்குக்கு அடியிலேயே அழுகும். கூட்டை இரவில் திறந்து வைத்தால் காலையில் உள்ளே ஸ்கங்க் உட்கார்ந்திருக்கும். வெயிலில் மறந்துவிட்ட கூட்டுக்குள் பிராணி துடித்துச் சாகும்.

டெக்குக்கு அடியிலிருந்து அது போகவேண்டும் என்றால் ஆடி நடுப்பகுதிவரை பொறுங்கள். அதற்குள் குட்டிகள் பிரிந்துபோய்விடும், ஐப்பசி உறக்கத்துக்கு முன்பு வேறு வளை தோண்டிக்கொள்ள அதற்கும் நேரம் இருக்கும். வாசல்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரிகைத்தாளைக் கசக்கி இலேசாக அடையுங்கள். உள்ளே இருந்தால் தள்ளிவிடும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிலும் தாள் அசையாமல் இருந்தால் வளை காலி. அதன்பிறகு டெக்கைச் சுற்றித் தடித்த கம்பிவலையை, மேலே சொன்ன மாதிரி மண்ணுக்குள் மடக்கிப் பதியுங்கள். காலியான வளைக்குள் ஸ்கங்கும் நரியும் வந்திருக்கலாம், ஆகவே கையை உள்ளே விடவேண்டாம்.

நடுப்பகலில் தள்ளாடிக்கொண்டு, உங்களைக் கண்டும் ஓடாமல் நிற்கும் கிரவுண்ட்ஹொக்கைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுத்துவிட்டு நகரசபைக்கு அறிவியுங்கள், ரொறன்ரோ என்றால் 311. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். விசர் வெளிக்காட்டிய பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. அதற்கு முன்பு போடும் ஊசி காப்பாற்றும்.

குளிசை ஏற்கனவே வீட்டில் இருக்கிறதா? போத்தலைத் திறக்காதீர்கள். கழிவறைக்குள் போடாதீர்கள், தண்ணீரில் கரைக்காதீர்கள், குப்பைப் பையில் கட்டி வெளியே வைக்காதீர்கள். குப்பை வண்டிக்காரரும் ஒரு வீட்டின் பிள்ளை. ஈரம் படாத இடத்தில், முடிந்தால் வீட்டோடு ஒட்டாத ஷெட்டில் பூட்டி வைத்துவிட்டு, உங்கள் நகரத்தின் அபாயக் கழிவு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து என்ன சாமான் என்று பெயர் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். எப்படி வந்தது என்று சொல்லவேண்டி வருமே என்ற பயத்தில் ஒளித்து வைக்காதீர்கள். வளைக்குள் போட்டுவிட்டீர்கள் என்றால் தோண்டி எடுக்கவோ தண்ணீர் அடிக்கவோ போகாமல், வீட்டில் உள்ள எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து 911ஐ அழையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். தலையிடி, வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் எந்த மருந்து என்று அம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் வைத்தியருக்குத் திசை தெரியாது. நஞ்சு பற்றிய ஆலோசனைக்குக் கியூபெக் தவிர்ந்த கனடாவில் 1-844-764-7669, அமெரிக்காவில் 1-800-222-1222. இரவிலும் எடுப்பார்கள்.